ஈறும் சர்க்கரையும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மாத்திரை தவறுவதில்லை, தினமும் நடக்கிறேன். எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பல் டாக்டரைப் பாருங்கள் என்கிறார் சர்க்கரை டாக்டர். தட்டிக் கழிக்கிறாரா?

பதில்: இல்லை, சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். ஈறு நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அளப்போம். நல்ல ஈறில் 1 முதல் 3 வரை இருக்கும். நோய் வந்த ஈறில் 5, 6 என்று போகும், கம்பியை எடுக்கும்போதே ரத்தம் கசியும். பள்ளத்தின் உட்சுவர் முழுக்கப் புண். வாயில் உள்ள அத்தனை புண்ணையும் சேர்த்தால் உள்ளங்கை அகலம்கூட வரலாம். காலில் அப்படி ஒரு புண் இருந்தால் ஒரு நாள் சும்மா இருப்போமா? அந்த அழற்சியில் உண்டாகும் ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் கலந்து, செல்களில் இன்சுலின் வேலை செய்யவிடாமல் கெடுக்கின்றன. சர்க்கரை ஏறினால் ஈறுப் புண்ணும் லேசில் ஆறாது. ஆக, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடும்.

கேள்வி: ஈறு நோய்க்குப் பல் டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டால் எச்பிஏ1சி எவ்வளவு இறங்கும்?

பதில்: 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி, ஒரு வருடத்தில் 0.50. எட்டில் இருப்பவர் ஏழரைக்கு வரலாம். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தும் எண்ணும் இல்லை.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அமெரிக்காவில் 514 பேரை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் எண் அசையவே இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் அவர்கள் வாயில் அழுக்கும் ரத்தக்கசிவும் நிறையவே இருந்தன என்று பல் மருத்துவர்கள் குறை சொன்னார்கள். 2018-இல் வெளியான லண்டன் ஆய்வில் 264 பேர். தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவைச் சிகிச்சை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சுத்தம் என்று தீவிரமாகச் செய்த குழுவுக்கு, வருட முடிவில் மற்றக் குழுவைவிட 0.6 குறைவு. அரைகுறையாகச் சுரண்டிவிட்டு ரத்தப் பரிசோதனையில் அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: இடைவெளி தெரியும், உண்மைதான். ஈறு நோயால் எலும்பு கரைந்த இடத்தை, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையும் வீங்கிய ஈறும் மறைத்துக்கொண்டிருந்தன. காரை போய், வீக்கமும் வற்றியதும் அது வெளியே தெரிகிறது. கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மவுத்வாஷ் போதாதா?

பதில்: போதாது. அந்த ஆழத்துக்கு அது போகாது.

கேள்வி: எனக்கு ஈறில் ரத்தமே வருவதில்லை. சிகரெட் பழக்கம் மட்டும் உண்டு.

பதில்: அந்த ‘மட்டும்’தான் சிக்கல். சிகரெட் ரத்தக்கசிவை மறைத்துவிடும், அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். போய் அளந்து பாருங்கள்.

கேள்வி: சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காலையில் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அடுத்த வாரமே லேபுக்கு ஓடினால் பழைய கணக்குதான் வரும். மூன்று மாதம் விட்டு எடுங்கள்.