வேலையில் சேர்ந்து 5 வாரம், கடுமையான மசக்கை: நானாகவே விலகிவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: புது வேலையில் சேர்ந்து 5 வாரம் ஆகிறது, கர்ப்பம் 8 வாரம், தண்ணீர் குடித்தாலும் வாந்தி வருகிறது. ஏற்கெனவே 4 நாள் வேலைக்குப் போகவில்லை. புரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடியாத நிலையில் கர்ப்பத்தைச் சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அதற்கு முன் நீங்களே விலகிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விலகாதீர்கள். குறைந்தது, இந்த உடல்நிலையில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2018இல் சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து துவாஸ் பக்கம் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போய்வந்தேன். சேர்ந்து 7 வாரம் ஆகியிருந்தது. காலை ரயிலில் கைப்பையின் மேலறையில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்திருப்பேன். சுவா சூ காங் வருவதற்குள் ஒன்று தீர்ந்துவிடும், இறங்கி நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தாமதமாக வந்த நாள்களும் வராத நாள்களும் காரணமில்லாத எண்ணிக்கையாகவே மேலாளரின் பார்வையில் சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறதே என்றார். அன்று இரவு 2 மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் விலகல் கடிதத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 54 கிலோவாக இருந்த எடை 50 ஆகியிருந்தது; சிறுநீரில் கீட்டோன் (உணவு கிடைக்காமல் உடல் கொழுப்பை எரிப்பதற்கான அறிகுறி) இருந்தது; குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றினார்கள். "இதற்கு நான் விடுப்புச் சான்று கொடுத்திருப்பேனே, ஏன் வேலையை விட்டீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நிறுவனம் என்னை நீக்கியிருந்தால் முறையிட வழி இருந்திருக்கும். நானே எழுதிக் கொடுத்துவிட்டதால் எதையும் கோர முடியவில்லை.

மசக்கை என்ற சொல்லே இதில் பாதித் தடை என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் அதைக் கேட்டால் புளிப்பு மாங்காயும் கேலிப் பேச்சும்தான் நினைவுக்கு வரும். என் மாமியாரும் அன்போடுதான் "எல்லாருக்கும் வருவதுதானே அம்மா" என்றார். பெரும்பாலோருக்கு அது 6ஆவது வாரத்தில் தொடங்கி, 9ஆவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 14 முதல் 16 வாரத்துக்குள் தணிந்துவிடுகிறது. ஆனால் கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, உடலில் நீர் வற்றிப் போகும் நிலைக்கு ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று தனிப் பெயரே உண்டு. அது நோய், சிகிச்சை தேவைப்படும் நோய். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2023இல் வெளியான ஆய்வு விளக்கியிருக்கிறது; ஆகவே இது மனவலிமைக் குறைவு என்று யாரும் உங்களிடம் சொல்ல இடமில்லை. ஒரு நாள் முழுக்க எதையும் வயிற்றில் தங்கவைக்க முடியாவிட்டாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, அது அடர்நிறமாகப் போனாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, இந்தப் பதிலைப் படித்து முடிப்பதைவிட மருத்துவமனைக்குப் போவது முக்கியம்.

இனி சட்டம். இணையத்தில் தேடினால், கர்ப்பம் சார்ந்த நோய் விடுப்பை ஊழியருக்கு எதிராகக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று பிரிட்டனைப் பற்றிய பக்கங்கள் சொல்லும். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே சிங்கப்பூரில் கர்ப்பகால நோய்க்கென்று தனி விடுப்புக் கணக்கு இல்லை. வேலை நியமனச் சட்டத்தின் சாதாரண நோய் விடுப்புதான் உங்களுக்கும். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு 3 மாதம் பணியாற்றிய பிறகே கிடைக்கும்: 3 மாதம் முடிந்ததும் வெளிநோயாளர் விடுப்பு 5 நாள், பிறகு மாதந்தோறும் கூடி, 6 மாதம் முடியும்போது 14 நாள். மருத்துவமனை விடுப்பும் அப்படியே 15 நாளில் தொடங்கி 60 நாள் வரை உயரும். வெளிநோயாளர் விடுப்பு அந்த 60 நாளுக்குள் அடக்கம். பலர் அறியாத ஒன்று: மருத்துவமனையில் சேர வேண்டிய அளவுக்கு உடல்நலமில்லை என்று மருத்துவர் சான்றளித்தால், நீங்கள் படுக்கையில் சேராவிட்டாலும் அது மருத்துவமனை விடுப்பாகவே கருதப்படும். என் இரண்டாவது கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

ஆக, இப்போது நீங்கள் எடுக்கும் நாள்களுக்கு ஒப்பந்தத்தில் சலுகை இருந்தாலொழிய சம்பளம் கிடைக்காது. அதற்காக எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், நீங்கள் ஏன் வரவில்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. வராத நாளிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல், சொல்லாமலும் 2 வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராதிருந்தால், ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகக் கொள்ளப்படலாம்.

பணிநீக்கம் பற்றிய உங்கள் பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள் முன்னறிவிப்பே போதும் என்கிறது சட்டம். அவ்வளவு மெல்லிய இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டதாலேயே காரணம் நியாயமாகிவிடாது. கர்ப்பத்துக்காக நீக்குவது தவறான பணிநீக்கம் என்பதை அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பின் வழிகாட்டி நெறிமுறைகள் பாகுபாடு என்ற வகையில் ஏற்கின்றன. 3 மாதம் பணியாற்றிய பிறகு பாதுகாப்பு இன்னும் உறுதியாகிறது: நிறுவனம் அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பே மருத்துவர் உங்கள் கர்ப்பத்தை உறுதிப்படுத்திச் சான்றளித்திருந்து, போதிய காரணமின்றி நீக்கப்பட்டால், மகப்பேற்று விடுப்புக்குரிய சம்பளத்தை நிறுவனம் தந்தாக வேண்டும். "முன்பே" என்ற அந்த ஒரு சொல்லை மறந்துவிடாதீர்கள். ஒளித்து வைத்திருந்தால் பாதுகாப்பும் ஒளிந்தே கிடக்கும்.

உங்கள் தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் 8 வாரத்தில் 3 மாதத்தைத் தாண்டிவிடுவீர்கள். அப்போது கர்ப்பம் 16 வாரம், பெரும்பாலோருக்கு வாந்தி தணிந்திருக்கும் நேரம். குழந்தை பிறக்கும்போது இந்த வேலையில் ஏறத்தாழ 37 வாரம் ஆகியிருக்கும். பிறப்புக்கு முன் தொடர்ந்து 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் எளிதாக நிறைவேற்றுவீர்கள். குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறுமானால் 16 வார மகப்பேற்று விடுப்பு, இல்லாவிட்டால் 12 வாரம். நீங்கள் இன்று விட நினைப்பது இந்த வேலையை மட்டுமல்ல, அந்த வாரங்களையும்தான். வேலை அனுமதிச் சீட்டில் (வொர்க் பெர்மிட்) இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கர்ப்பம் பற்றிய நிபந்தனைகள் வேறு, மிகக் கடுமையானவை. அவர்கள் எதையும் செய்வதற்கு முன் மனிதவள அமைச்சிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

நீக்கியே விட்டார்கள் என்றால், கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிடுங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் முடியாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர் முன்னறிவிப்புடன் நீக்கப்பட்டால், 6 மாதம் வேலை செய்திருந்தால்தான் முறையிட முடியும். கர்ப்பத்தைப் பாதுகாக்கப்படும் தன்மைகளில் ஒன்றாக வைக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது என்றாலும், 2027இல்தான் நடப்புக்கு வருகிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டு விலக்கும் உண்டு. எனக்கு அந்த விலக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் நம்மில் பலர் வேலை செய்வது அப்படிப்பட்ட சிறு நிறுவனங்களில்தான்.

நாளை காலை மருத்துவரிடம் போய், கர்ப்பத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தையும், வாந்தியின் கடுமையைக் குறிப்பிடும் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பிறகு மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை உங்கள் சொந்த முகவரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை, மற்றொரு புது வேலையில் இரண்டாம் மாதத்தில் நான் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: "நான் 9 வாரக் கர்ப்பமாக இருக்கிறேன், மருத்துவர் சான்றை இணைத்துள்ளேன். கடந்த வாரங்களில் நான் வராத நாள்களுக்குக் காரணம் இந்த உடல்நிலைதான். அடுத்த சில வாரங்களுக்கு வேலை தொடங்கும் நேரத்தைக் காலை 10 மணிக்குத் தள்ளிவைக்கவோ சில நாள்கள் வீட்டிலிருந்து வேலை செய்யவோ அனுமதிக்க முடியுமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." அன்று மாலையே பதில் வந்தது, 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.