சின்ன விமானத்தில் நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால் கல்லு மாதிரி விழுந்துவிடுமா?

விழாது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கைமேல் ஓடும் காற்று, எஞ்சின் இல்லை. செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஏறக்குறைய 9-க்கு 1 என்ற கணக்கில் சறுக்கும், 9 அடி முன்னால் போனால் 1 அடி கீழே இறங்கும். அதாவது 3000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், எதிர்காற்று இல்லாத பட்சத்தில், சுமார் 8 கிலோமீட்டர் போகலாம். ஆனால் அதற்கு வேகம் 65 நாட் (மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர்) பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் விமானி முதலில் செய்வது மூக்கைத் தாழ்த்தி அந்த வேகத்தைப் பிடிப்பதுதான்.

அப்புறம் இறங்க இடம் பார்க்க வேண்டும். காற்றுக்கு எதிராக இறங்கும்படி, மின்கம்பி இல்லாத ஒரு வயல் கிடைத்தால் போதும். சாலை நல்ல இடம் மாதிரி தெரியும், கிட்டே போனால்தான் கம்பியும் வண்டிகளும் கண்ணில் படும். இடம் முடிவான பிறகுதான் எரிபொருள் டேங்கை மாற்றுவது, கார்புரேட்டர் ஹீட் போடுவது (எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுவது; உள்ளே பனி உறைந்து எஞ்சின் நிற்பது சகஜம்), நேரமிருந்தால் 121.5 என்ற அவசர ரேடியோ அலைவரிசையில் ‘மேடே’ என்று ஆபத்து அழைப்பு சொல்வது எல்லாம். தரை தொடுமுன் எரிபொருளை அடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார்கள், நசுங்கினால் சிக்கிக்கொள்ளும் என்று.

என்னைக் கேட்டால் நிஜமான ஆபத்து, ஏறியவுடன் சில நூறு அடியில் எஞ்சின் நிற்பதுதான். ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஆசைப்பட்டு, குறைந்த வேகத்தில் சரேலென்று திருப்பினால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும், அதைச் சமாளிக்க உயரமும் இருக்காது. நேராக முன்னால் இருக்கும் இடத்தில் இறக்கு என்றுதான் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.