சென்னையில் ஒரு குழந்தைக்கு டே கேர் கட்டுப்படியாகுமா, வீட்டுக்கு ஆயா வைப்பது கட்டுப்படியாகுமா?

ஒன்றேகால் வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பவிருப்பதாகவும், டே கேரில் மாதம் 9,000 ரூபாயும் வீட்டுக்கு வந்துபோகும் ஆயா 15,000 ரூபாயும் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டோடு மூன்றாவது ஏற்பாடு ஒன்றையும் என் மகனுக்காக அடுத்தடுத்து முயன்று பார்த்தவள் நான். வீடு வேளச்சேரியில், அலுவலகம் பெருங்குடியில். கீழே வரும் தொகைகள் என் வீட்டுக் கணக்கு நோட்டில் உள்ளவை. உங்கள் பகுதியில் கூடலாம், குறையலாம்.

முதல் ஓராண்டு டே கேர். மாதம் 9,500 ரூபாய்தானே என்று நானும் மனக்கணக்குப் போட்டுத்தான் சேர்த்தேன். ஆனால் அது மாலை 6 மணி வரைக்கான கட்டணம். வாசலில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு கிடக்கும். பிள்ளையை அழைத்துச் செல்லும் நேரத்தை நாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். 6.10 வரை பொறுத்துக்கொள்வார்கள், அதன்பின் ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் 100 ரூபாய். மழை பெய்த மாலைகளில் அந்த நோட்டில் 6.50 என்று எழுதும்போது எனக்கு முன்னால் கையெழுத்திட்டவர்களும் அதே நேரத்தை எழுதியிருப்பதைப் பார்ப்பது ஒரு சிறிய ஆறுதல். இந்தத் தாமதக் கட்டணம் சராசரியாக மாதம் 800 ரூபாய் ஆனது. சாப்பாட்டுக்குத் தனியே 1,800 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் 10,000, முன்பணம் 5,000. ஆண்டுக்கு மொத்தம் 1,60,200 ரூபாய், அதாவது மாதம் 13,350.

இதில் ஏறாத செலவு ஒன்று உண்டு. காய்ச்சல், வாந்தி, கைகால்களில் கொப்புளம் என்றால் குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். மற்றக் குழந்தைகளை நினைத்தால் அது சரியான விதிதான். ஆனால் அந்த நாட்களுக்கும் கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும், நாமும் விடுப்பு எடுக்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் சேரும் இடத்தில் முதல் ஆண்டு சளி மாறி மாறி வருவதைத் தவிர்க்க முடியாது. எனக்கு அந்த ஆண்டு 22 நாட்கள் போயின. என் ஒரு நாள் சம்பளத்தை 1,800 ரூபாய் என்று வைத்துச் சேர்த்தால் மாதச் செலவு 16,650 ரூபாயைத் தொடுகிறது.

அடுத்து வந்தவர் ஆயா. சம்பளம் 16,000, ஏஜென்சிக்கு அரை மாதச் சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், மதியச் சாப்பாடும் டீயும், மன நிம்மதிக்காக நாங்கள் வாங்கி மாட்டிய 3,000 ரூபாய் கேமரா என எல்லாவற்றையும் ஓராண்டுக்குப் பரப்பிப் பார்த்தால் மாதம் 20,000 ரூபாய்க்குச் சற்றே குறைவு. மகனுக்கு உடல்நலக் குறைவு வெகுவாகக் குறைந்தது. காய்ச்சல் நாட்களிலும் அவர் பார்த்துக்கொண்டார். ஆனால் காலை ஏழே காலுக்குப் போன் ஒலித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். "இன்னிக்கு வர முடியாதும்மா" என்ற சொல்லுக்கு மாற்று ஏற்பாடு ஏதும் கிடையாது. ஐந்தாம் மாதம் அவர் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன், என் மாமியாரும் என் பிரசவத்துக்கு அப்படித்தான் வந்திருந்தார்.

அதன்பிறகு கிடைத்ததுதான் நீங்கள் கேட்காத மூன்றாவது வழி. இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா தம் வீட்டிலேயே மூன்று பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். மாதம் 7,000 ரூபாய், தீபாவளிக்கு ஒரு மாதத் தொகையும் ஒரு புடவையும். டயபரும் சாப்பாட்டு டப்பாவும் நாம் கொடுத்தனுப்ப வேண்டும். தாமதமானால் கட்டணம் இல்லை. தம் பிள்ளைகளோடு என் மகனுக்கும் தோசை ஊற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் பொங்கலுக்கு ஒரு வாரம், சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் வீடு பூட்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்த விடுமுறை என்பதால் நானும் கணவரும் பங்கிட்டுக்கொண்டோம். அந்த நாட்களின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தாலும் இதுவே மூன்றிலும் மலிவு. இப்படி ஒருவர் கிடைப்பதுதான் கடினம். விளம்பரத்தில் வரமாட்டார்கள், அடுக்குமாடிக் காவலாளியிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் விசாரித்தால்தான் தெரியவரும். பதிவு, ஆய்வு எதுவும் இல்லாத ஏற்பாடு என்பதால், ஒருநாள் முழுக்க நீங்களே அங்கே உட்கார்ந்து பார்க்காமல் பிள்ளையை விடாதீர்கள்.

குழந்தை ஒன்றாக இருக்கும்வரை டே கேரை விட ஆயா விலை கூடுதல்தான். இரண்டாகிவிட்டால் கணக்கு தலைகீழாகும். என் அக்கா வீட்டில் இரண்டாவது பிறந்ததும் ஆயாவுக்கு 3,000 ரூபாய் மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். டே கேராக இருந்தால் இரண்டு கட்டணம், இரண்டாவது பிள்ளைக்கு ஏதோ பத்து சதவீதம் தள்ளுபடி, அவ்வளவே.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் 26 வார விடுப்பைத் தந்ததோடு நிற்கவில்லை; 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் விதித்தது. கேட்காதவர்களுக்கு யாரும் தாமாக வந்து சொல்வதில்லை. அங்கன்வாடி இலவசம் என்றாலும் மாலை ஆறு வரை வேலை பார்ப்பவர்களுக்கு அதன் நேரம் ஒத்துவராது.

டே கேரையே தேர்ந்தெடுத்தால், முன்பணம் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு முன் எழுத்துமூலம் சொல்லவில்லை என்று கூறி என் 5,000 ரூபாயை அவர்கள் திருப்பித் தரவில்லை. நான் சொன்னதென்னவோ ஆறு வாரங்களுக்கு முன்பே, வாயால்.