இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அறிவியல் துறைகளில் சமவாய்ப்புத் திட்டம் நடத்தும்போது ஒருங்கிணைப்பாளர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பணம் எந்த வழியாக வருகிறது என்பதை. துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படமும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். திட்டம் திணறுவதெல்லாம் கணக்குப் பிரிவிலும் பதிவாளர் அலுவலகத்திலும்தான்.

அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன். டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் ஃபிஸ்க், வாண்டர்பில்ட் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஃபிஸ்க், அடிமைமுறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1866இல் தொடங்கியது, சிறியது. வாண்டர்பில்ட் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். இரண்டும் 2004இல் ஒரு பாலத் திட்டம் தொடங்கின. மாணவர் ஃபிஸ்கில் முதுநிலை படிக்கிறார். அதே காலத்தில் வாண்டர்பில்ட் லேப்களிலும் ஆய்வு செய்யலாம், அங்கே முனைவர் பட்ட நிலைப் பாடமும் எடுக்கிறார். அதில் நல்ல கிரேடு வாங்கினால் முனைவர் பட்டத்துக்கு நேர்வழி.

இந்த அமைப்பு ஏன் வேலை செய்கிறது? பல இயற்பியல் துறைகள், முதுநிலை, முனைவர் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் கணிதப் பகுதியில் பழைய 800 அளவில் 700 என்று கட்ஆஃப் வைத்திருந்தன. மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கழிக்காதீர்கள் என்று தேர்வு நடத்தும் நிறுவனமே சொல்லியும், பெண்களும் கறுப்பின மாணவர்களும் அதிக அளவில் அடிபட்டது அங்கேதான். இரண்டு வருடம் தன் லேபில் கண்ணெதிரே வேலை செய்த மாணவரைப் பற்றி முடிவெடுக்க ஒரு பேராசிரியருக்கு அந்த எண் தேவைப்படாது.

இனி பணம். பெரிய பல்கலைக்கழகம் நிதிநல்கையை வாங்கிச் சின்னதற்குத் துணை ஒப்பந்தமாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கமான முறை. அது பெரும்பாலும் செலவு செய்த பிறகு பில் அனுப்பித் திரும்பப் பெறும் ஏற்பாடு. ஆயிரம் கோடிகளில் அறக்கொடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் பணம் முடங்குவது ஒரு பொருட்டல்ல. சின்னக் கல்வி நிறுவனத்தில் அது மாணவரின் உதவித்தொகையையே தாமதப்படுத்தும். நிதிப் பிரிவில் ஓரிருவரே இருந்தால் பில் அனுப்புவதே தள்ளிப்போகும். ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இதற்கு வழி உண்டு: இரு நிறுவனங்களும் கூட்டு விண்ணப்பமாகத் தனித்தனியே சமர்ப்பித்தால் இரண்டுக்கும் தனித்தனி நல்கை வரும், யாரும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். முடிந்தால் இதைத்தான் செய்யுங்கள். முடியாவிட்டால் பில் வந்த 30 நாளுக்குள் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உதவித்தொகையை 9 மாதத்துக்குக் கணக்கிடாமல் 12 மாதத்துக்குக் கணக்கிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பணமில்லையென்றால் வீட்டில் வசதியுள்ளவர் லேபில் இருப்பார், மற்றவர் கடையில் வேலைக்குப் போவார். இன்னொன்று: முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான் கைக்கு வரும், வீட்டு முன்பணமோ ஆகஸ்டிலேயே கட்ட வேண்டும். அதற்கு ஒரு சிறு முன்தொகை ஒதுக்கி வையுங்கள்.

பதிவாளர் பக்கம். முதல் வாரம் இப்படித்தான் போகும்: இரு வளாகங்களின் செமஸ்டரும் வேறு வேறு நாளில் தொடங்கும், மாணவரின் அட்டை எதிர்வளாகத்து லேப் கதவைத் திறக்காது, ஒரு பக்கம் முடித்த பாதுகாப்புப் பயிற்சியை மறுபக்கம் ஏற்காது, எடுத்த பாடத்துக்கு யாருக்கு யார் கட்டணம் கட்டுவது என்று இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கை காட்டும். ஏப்ரல் மாதத்திலேயே ஒரு மாதிரி மாணவரின் பெயரில் பதிவு, கட்டணம், அட்டை, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் தாளில் ஓட்டிப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பகிர மாணவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை அறிமுக நாளிலேயே வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால், எதிர்வளாகத்து இடைத்தேர்வில் அவர் சறுக்கியது உங்களுக்கு டிசம்பரில்தான் தெரியும்.

வழிகாட்டிகள் இருவர், பக்கத்துக்கு ஒருவர். சின்னப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செமஸ்டருக்கு மூன்று நான்கு பாடம் எடுப்பார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தவருக்கு ஒன்றோ இரண்டோ. சின்னப் பல்கலைக்கழகத்தவரின் சுமையில் ஒரு பாடத்தைக் குறைக்க நல்கையில் பணம் வைக்காவிட்டால், ஆய்வுக் கட்டுரைகள் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகும், சின்னதற்குக் கூட்டங்கள்தான் மிஞ்சும். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், ஆய்வுக் கருவி யாருக்கு எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.

மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஒரே கேள்விப் பட்டியல், ஒரே மதிப்பெண் அட்டவணை. பேசத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட வேண்டும், இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதே முடிவு.

இன்னொரு நல்ல திட்டத்தைப் பார்த்துச் செய்கிறீர்களா? மேரிலாந்து பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம் அறிவியல் இளநிலை மாணவர்களுக்காக 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தை, பென் ஸ்டேட், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் இரண்டும் எடுத்துச் செய்து பலன் கண்டன. கோடைப் பயிற்சி, குழுவாகப் படிப்பது, நெருக்கமான ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தன, மூலத் திட்டத்து ஆட்களும் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். கோடைப் பயிற்சியை மட்டும் பிய்த்து எடுப்பது மலிவு, அவ்வளவுதான் அதன் நன்மை.

சட்டத்தையும் பாருங்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அங்கே இனத்தை வைத்து மாணவர் சேர்க்கை செய்ய முடியாது. தகுதி விதிகளைக் குடும்ப வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி, படித்த கல்லூரியில் ஆய்வு வசதி இருந்ததா போன்றவற்றைக் கொண்டு எழுதி, சட்டப் பிரிவிடம் காட்டுங்கள். 2025 ஏப்ரலில் தேசிய அறிவியல் அறக்கட்டளை சமவாய்ப்பு தொடர்பான பல நல்கைகளை நடுவழியில் நிறுத்தியது. ஆகவே ஒற்றை நிதியாளரை நம்ப வேண்டாம். பணம் நின்றாலும், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் உதவித்தொகையைப் பட்டம் முடியும்வரை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்ற ஒரு பத்தியும், அதற்கு டீன் கையெழுத்தும், முதல் மாணவர் சேரும் முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.