போக ஆறரை மணித்தியாலம், வர ஒன்றரையா?

கேள்வி: மகள் சிங்கப்பூருக்கு வரச்சொல்லி டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். 12ஆம் திகதி 00.40க்கு கட்டுநாயக்காவில வெளிக்கிட்டு காலமை 7.10க்கு இறங்குதாம், ஆறரை மணித்தியாலம். திரும்பி வாறது இரவு 10.30க்கு அங்க வெளிக்கிட்டு 12 மணிக்கு இஞ்ச, ஒன்றரை மணித்தியாலம். ஒரே தூரம்தானே, வாற பிளேன் என்ன ராக்கெட்டோ? எனக்கு முழங்கால் நோ, உண்மையா எவ்வளவு நேரம் இருக்கவேணும்?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: போகவும் நாலு மணித்தியாலம், வரவும் நாலு மணித்தியாலம்தான் அம்மா. டிக்கெட்டில வெளிக்கிடுற ஊருக்கு அந்த ஊர் நேரம், இறங்குற ஊருக்கு அந்த ஊர் நேரம் எண்டுதான் போடுவினம். சிங்கப்பூர் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. ஆறரையில அதைக் கழியுங்கோ, ஒன்றரையோட அதைக் கூட்டுங்கோ, சரியா வரும். சென்னைக்குப் போய் வாற ஆக்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை, அங்கயும் இஞ்சயும் ஒரே நேரம்.

தூரம் கிட்டத்தட்ட 2,740 கிலோமீற்றர். மேல போனாப் பிறகு மணிக்கு 850, 900 வேகத்தில பறக்கும், அப்ப மூண்டேகாலில முடியவேணுமே எண்டு உங்கட மருமகன் கணக்குப் போட்டாலும் போடுவார், ஆனா இஞ்ச கேற்றை விட்டு அசையிறதில இருந்து ரன்வேக்கு உருண்டு போறது, ஏறேக்கயும் இறங்கேக்கயும் வேகம் குறையிறது, சாங்கியில போய் கேற்றில நிக்கிறது எல்லாம் அந்த நாலுக்குள்ளதான் அடக்கம்.

இதில ஒரு பகிடி என்னெண்டா, சூரியனைக் கேட்டா ரெண்டரை எண்டு சொல்லாது. சிங்கப்பூர் எங்களுக்குக் கிழக்கால 24 பாகை, பாகைக்கு 4 நிமிசம், 96 நிமிசம்தான் வருது. மிச்சம் அரசாங்கங்கள் மணிக்கூட்டைத் திருகினது. மலேசியா நாடு முழுக்க ஒரே நேரம் வைக்கவேணும் எண்டு மேற்குப் பக்கத்தை அரை மணித்தியாலம் தள்ள, சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில சேந்து தள்ளினது. நாங்களும் குறைஞ்ச ஆக்கள் இல்லை, 1996ல கரண்ட் தட்டுப்பாட்டுக்கு நேரத்தை மாத்தி, 2006 சித்திரையிலதானே பழைய நேரத்துக்கு வந்தனாங்கள். சிங்கப்பூர் அப்பிடி நேரத்தை முன்னுக்குத் தள்ளினதாலதான் அங்க காலமை ஏழு மணிக்குத்தான் விடியிற மாதிரி இருக்கும், நீங்கள் இறங்கேக்க ஜன்னலால பாருங்கோ.

போன் தானா மாறும், கைமணிக்கூடு மாறாது. நான் ஒருக்கா அங்க இருந்து வரேக்க கொழும்பு நேரத்தைப் பாத்துக்கொண்டு ஆறுதலா கோப்பி குடிச்சு, பிறகு செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு ஓடினனான்.

முழங்காலுக்கு நடக்கிற பக்கத்து சீற்றைக் கேளுங்கோ, இடைக்கிட எழும்பி நடக்கலாம். முக்கியமா, 12ஆம் திகதி 00.40 எண்டா 11ஆம் திகதி ராத்திரி. ஒன்பதரைக்கெல்லாம் கட்டுநாயக்காவில நிக்கவேணும், 12ஆம் திகதி இரவு பெட்டியோட போய் நிண்டிடாதேங்கோ.