கம்யூனிட்டி காலேஜில் கிளப்: சேர்வதா, புதிதாகத் தொடங்குவதா?

கேள்வி: மகன் இந்த ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், சேர்ந்தான். வகுப்பு முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். வாரம் பன்னிரண்டு மணி நேரம் ஒரு கடையில் வேலையும் பார்க்கிறான். இரண்டு வருடத்தில் யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும். கல்லூரியில் ஏதாவது மாணவர் கிளப்பில் இல்லாவிட்டால் இடம் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். அவனோ, "சேர்ந்தால் நானே ஒரு தமிழ்க் கிளப் ஆரம்பிக்கிறேன்" என்கிறான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பே ஏரியா

பதில்: முதலில் பயத்தை இறக்கி வைப்போம். 'கால் ஸ்டேட்' எனப்படும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களிடம் பெரும்பாலும் பார்ப்பது முடித்த பாடங்களையும் ஜிபிஏ என்ற சராசரி கிரேடையும்தான். யூசியிலும் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களுக்கு 'டேக்' என்ற இட உத்தரவாதம் இருக்கிறது. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், சில மேஜர்களுக்கு (முதன்மைப் பாடங்களுக்கு) கிடையாது. ஆனால் அங்கேயும் கணக்கில் வருவது முடித்த பாடங்களும் ஜிபிஏவும்தான். கிளப் பேச்சு சூடு பிடிப்பது யூசியின் மற்ற வளாகங்களான பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்), சான் டியாகோ என்று வரும்போது. அங்கே விண்ணப்பத்தை முழுதாகப் படிப்பார்கள். அப்போதும் கெமிஸ்ட்ரியில் வாங்கிய சி கிரேடை எந்தக் கிளப்பும் மறைக்காது.

அந்த விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு இருபது இடம் வரை உண்டு. இருபதையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள். விவரிக்க 350 எழுத்துதான், அதாவது நான்கைந்து வரி. 'உறுப்பினர்' என்று மட்டும் இருந்தால் அந்த நான்கு வரியில் எழுத என்ன இருக்கும்? 'பொருளாளர், வாரம் இரண்டு மணி, கணக்கு நான் பார்த்தேன்' என்றால் எழுத விஷயம் இருக்கிறது. உங்கள் மகனுடைய கடை வேலைக்கும் அதே படிவத்தில் இடமுண்டு. நம் வீடுகளில் பலர் அதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது காலண்டரைப் பற்றித்தான். இரண்டு வருடப் படிப்பு என்று சொல்கிறோமே தவிர, யூசி விண்ணப்பம் போடுவது இரண்டாம் வருட இலையுதிர் பருவத்தில். ஆகஸ்டில் சேர்ந்தவனுக்கு அதுவரை கையில் இருப்பது பதினைந்து மாதம். நடுவில் ஒரு கோடை விடுமுறையும் போய்விடும். 'முதல் வருடம் செட்டிலாகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால், படிவத்தில் எழுத இரண்டு மூன்று மாத வேலைதான் மிஞ்சும்.

அதனால் இந்தப் பருவத்திலேயே ஒரு கிளப். ஒன்றே ஒன்று போதும். வகுப்புகள் தொடங்கிச் சில வாரத்தில் 'கிளப் ரஷ்' அல்லது 'கிளப் டே' என்று வளாகத்தில் மேஜை போட்டு ஆள் பிடிப்பார்கள். அது முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாணவர் செயல்பாட்டு அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் தருவார்கள். ஹாஸ்டல் இல்லாத, ஓட்டிக்கொண்டு வந்து போகும் கல்லூரி என்பதால் பல இடங்களில் நண்பகலில் 'காலேஜ் அவர்' என்று வகுப்பில்லாத ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். கிளப் கூட்டங்கள் அதில்தான். மகன் அந்த நேரத்தில் கார் பார்க்கிங்கை நோக்கி நடக்கிறான் என்பதே உங்கள் பிரச்சினையில் பாதி.

சரி, தமிழ்க் கிளப். ஆசை நல்லதுதான். ஆனால் புதிதாகப் பதிய, ஒரு பேராசிரியர் ஆலோசகராகக் கையெழுத்திட வேண்டும், குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை வேண்டும், சட்டவிதி எழுத வேண்டும், கிளப்புகளின் கவுன்சிலுக்கு ஒரு பிரதிநிதி தவறாமல் போக வேண்டும். ஆலோசகரைப் பிடிப்பதுதான் மலை. பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று கல்லூரிகளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் கிளப்புகளுக்கு ஆயுள் குறைவு. தலைவர், செயலாளர் எல்லாரும் ஒரே மே மாதத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போய்விடுவார்கள். செப்டம்பரில் பதிவைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. அப்படித் தூங்கிப்போன கிளப்புகளின் பட்டியல் அதே அலுவலகத்தில் இருக்கும். தெற்காசிய மாணவர் கிளப் ஒன்று அதில் கிடந்தால், சட்டவிதி தயார், பழைய ஆலோசகரின் பெயரும் தெரியும். அதை எழுப்பி, உள்ளே தமிழுக்கு இடம் பண்ணிக்கொள்ளலாம். பொங்கலை மட்டும் முன்கூட்டியே யோசிக்கச் சொல்லுங்கள். பல செமஸ்டர் கல்லூரிகள் ஜனவரி பிற்பாதியில்தான் திறக்கும், அதற்குள் பொங்கல் முடிந்துவிடும்.

பணம் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடம் நான் ஒரு கல்லூரியில் கிளப் ஆலோசகனாக இருந்தேன். ஒரு பெண் கலைநிகழ்ச்சிக்கு 64 டாலருக்கு பேனர் அடித்து, தன் கார்டில் கட்டிவிட்டு ரசீதோடு வந்தாள். கணக்குப் பிரிவு முதலில் கேட்டது ரசீதையல்ல, கூட்டக் குறிப்பை. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை ஓட்டு, எந்தத் தேதி. தேதி ரசீதுக்குப் பிந்தியது. பணம் திரும்ப வரவில்லை. கிளப் பணம் கல்லூரிக் கணக்கில்தான் இருக்கும். ஓட்டு முதலில், செலவு பிறகு. அப்புறம், வீட்டில் பொரித்த சமோசாவை வளாகத்தில் விற்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். உணவு விற்பனைக்கு முன்அனுமதி வேண்டும், வீட்டுச் சமையலைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

கிரேடு நன்றாக இருந்தால் 'ஃபை தீட்டா கப்பா' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வரலாம். கிரேக்க எழுத்தைப் பார்த்து மோசடி என்று அழித்துவிடாதீர்கள். இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்காக 1918இல் மிசூரியில் தொடங்கிய கௌரவச் சங்கம் அது. கட்டணம் உண்டு. அதன் உறுப்பினர்களுக்கென்றே டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மகன் குறிவைக்கும் இடங்கள் தருகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இதே மாதிரிப் பெயரில் வரும் மற்றவற்றை, கல்லூரியில் கிளை இருக்கிறதா என்று கேட்காமல் தொடாதீர்கள்.

இதைப் படிக்கும் எச்-4 விசா (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) வீடுகளுக்கு ஒரு வார்த்தை: கிளப்பில் சம்பளமில்லாமல் பொறுப்பேற்பதில் சிக்கலில்லை. மாணவர் அரசில் (கல்லூரி மாணவர் பேரவையில்) சில பதவிகளுக்கு உதவித்தொகை தருவார்கள். அதை வாங்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

மகனிடம் இந்த வாரம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். காலேஜ் அவர் எந்தக் கிழமை என்று பார்த்து, அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வரட்டும். கடை ஷிஃப்ட் அந்த நேரத்தில் வந்தால் மாற்றிக் கேட்கட்டும். தமிழ்க் கிளப்புக்கு வேண்டிய ஆட்கள் அந்த அறைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.