நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாதா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. காலை 10 மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். முந்தின இரவு 12 மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்கள். தாங்குவாரா?

பெரும்பாலானவர்களுக்கு அப்படித் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தில் மயக்க மருந்து பெற்ற பெண்களுக்கு இப்படி நேர்ந்ததை 1946-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் விவரித்தார். அதன்பின் பட்டினி விதி இறுகியது. ஆனால் திட உணவும் தண்ணீரும் வயிற்றைவிட்டு ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. வெறும் வயிற்றில் குடித்த தண்ணீரில் பாதி சுமார் 20 நிமிடத்துக்குள் குடலுக்குப் போய்விடும். 1980-களில் நடந்த ஆய்வுகளில், அறுவைக்கு 2, 3 மணி நேரம் முன்பு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். மயங்கியபின் வாய்வழியே குழாய் விட்டு, வயிற்றில் மிச்சமிருந்ததை உறிஞ்சி அளந்தார்கள். பட்டினி கிடந்தவர்களைவிடக் குடித்தவர்களுக்கு அது கூடுதலாக இல்லை.

அதனால்தான் இன்றைய விதி வேறு. தெளிவான நீர்மம் 2 மணி நேரம் முன்புவரை, தாய்ப்பால் 4, லேசான உணவு 6, எண்ணெயில் பொரித்ததும் இறைச்சியும் 8. தண்ணீர், சக்கை வடித்த பழச்சாறு, பால் விடாத டீ, காபி எல்லாம் தெளிவான நீர்மம்தான். பால் வயிற்றில் திரிந்து கட்டியாகும். அது உணவுக் கணக்கில் சேரும்.

பிறகு ஏன் 12 மணி? யாருடைய அறுவை முன்னால் வரும் என்று வார்டில் தெரியாது, எல்லோருக்கும் ஒரே கட்டளை சொல்வது அவர்களுக்குச் சுலபம். 10 மணி அறுவை பிற்பகலுக்குத் தள்ளிப்போனால் முதியவரின் நாக்கு வறண்டு, இரத்த அழுத்தம் இறங்கி, தலைவலியோடு மேசைக்குப் போவார். மயக்க மருந்து நிபுணரிடம், “கடைசி வாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு?” என்று நேராகக் கேளுங்கள். குடல் அடைப்பு, கடுமையான எதுக்களிப்பு, நீரிழிவால் வயிறு மந்தமானவர்கள், எடை குறைக்கும் வாராந்திர ஊசி போடுபவர்கள் ஆகியோருக்கு இந்த 2 மணி நேரக் கணக்கு அப்படியே பொருந்தாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பஸ்ஸில் ஏறினாலே எனக்கு வாந்தி. போன ஆபரேஷனுக்குப் பிறகும் இரவெல்லாம் வாந்தி. இப்போது வாந்தித் தடுப்பு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாமல் கொடுக்கும் வெறும் உப்புநீர் ஊசி என் தலையில் விழுந்தால்?

நியாயமான பயம். பெண், புகைக்காதவர், பயண வாந்தியோ முந்தைய அறுவை வாந்தியோ உண்டு, அறுவைக்குப்பின் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படும்: இந்த 4-ல் எத்தனை உங்களுக்குப் பொருந்துகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுமில்லை என்றால் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஒன்றுக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80. மூன்று, நான்கு பொருந்துபவருக்கு எந்தத் தடுப்பும் இல்லாமல் உப்புநீர் மட்டும் கொடுப்பதை இன்று ஏற்க முடியாது. எல்லோருக்கும் வழக்கமான மருந்தைக் கொடுத்து, அதன்மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்து, மறு குழுவுக்கு உப்புநீர் என்பதே சரியான அமைப்பு. வாந்தி வந்தால் உடனே கொடுக்கும் மீட்பு மருந்து இரு குழுவுக்கும் உண்டு. அது என்ன மருந்து, எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2004-ல் வெளியான, 5,000-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வில் வாந்தித் தடுப்பு மருந்துகளான ஒண்டான்செட்ரான் 4 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி., டிரோபெரிடால் 1.25 மி.கி. ஆகியவை ஒவ்வொன்றும் ஆபத்தைச் சுமார் கால் பங்கு குறைத்தன. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சேர்க்க, மிச்சமிருக்கும் ஆபத்திலிருந்துதான் கால் பங்கு குறையும். எனவே அதிக ஆபத்து உள்ளவருக்கே இரண்டு மூன்று மருந்துகள் தேவை. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, புண் சீழ் பிடிக்குமே என்ற கவலை பலருக்கு உண்டு. 2021-ல் வெளியான, 8,000-க்கு மேற்பட்டவர்களிடம் 8 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் புண் தொற்று கூடவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். டெக்ஸாமெத்தசோன் ஊசியை விழித்திருப்பவருக்கு வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பகுதியில் திடீரென எரிச்சலும் அரிப்பும் வரும். தனக்கு எது கிடைத்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். யாருக்கு எது என்று தெரியாமல் வைக்கும் ஆய்வின் மறைப்பு அங்கேயே உடைந்துபோகும். அதனால் மயங்கியபின் கொடுப்பார்கள்.

கேள்வி: சௌகரியத்தை எப்படி அளக்க முடியும்?

நோயாளியிடம் கேட்டுத்தான். வலிக்கு 100 மி.மீ. நீளக் கோடு, ஒரு முனை வலியில்லை, மறுமுனை தாங்கவே முடியாத வலி. நோயாளி குறி வைப்பார், ஸ்கேலால் அளப்பார்கள். சுமார் 10 மி.மீ. குறைந்தால்தான் அவருக்கே வித்தியாசம் தெரியும். இரு குழுக்களின் சராசரியில் 3 மி.மீ. வித்தியாசத்தைக் காட்டிப் பெருமைப்படும் ஆய்வால் படுக்கையில் இருப்பவருக்குப் பயனில்லை. படிவத்தை ஜெராக்ஸ் எடுத்தாலே கோடு நீண்டோ சுருங்கியோ போவதால் கணக்கு கெடும். அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் கேட்பது இன்னொரு பிழை; இருமும்போதும் எழுந்து உட்காரும்போதும் கேட்க வேண்டும். மூச்சு, தூக்கம், சாப்பாடு, பதற்றம் எல்லாம் சேர்ந்த 15 கேள்விப் படிவமும் உண்டு. மொத்தம் 150 மதிப்பெண், அறுவைக்கு முன்பும் 24 மணி நேரம் கழித்தும் நிரப்புவார்கள்.

கேள்வி: பயம் போக ஒரு தூக்க மாத்திரை போடலாமா?

வழக்கமாக வேண்டாம். பிரான்ஸில் 1,062 பேர் பங்கேற்ற ஆய்வில், பதற்றம் தணிக்கும் லோரஸெபாம் மாத்திரை 2.5 மி.கி. கொடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். நோயாளிகளின் திருப்தி கூடவில்லை. மூச்சுக்காகத் தொண்டையில் விட்ட குழாயை எடுக்கத்தான் தாமதமானது. விருப்பமான இசை கேட்பது பதற்றத்தையும் வலியையும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பாட்டுக் கேட்கும் ஹெட்போனை எடுத்துப்போக அனுமதி கேளுங்கள்.

கேள்வி: கண் விழித்ததும் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் ஏன்?

மயக்க மருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும்போது உடலின் நடுப்பகுதிச் சூடு கைகால்களுக்கு ஓடிவிடுகிறது. முதல் மணி நேரத்திலேயே 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். மயங்கியபின் போர்த்துவதால் இந்த முதல் இறக்கம் நிற்காது. அறுவைக்கு முன்பே அரை மணி நேரம் சூடான காற்றுப் போர்வை போட்டால் கைகால் ஏற்கெனவே சூடாக இருக்கும், நடுப்பகுதிச் சூடு அவ்வளவாக வெளியேறாது.

கேள்வி: ஆய்வில் கையெழுத்துப் போட்டபின் விலகலாமா?

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல். சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். மேசைக்குப் போகும் வழியில் நீட்டினால் போட வேண்டாம். நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.